ஏழாம் வீட்டின் நடை ஷிப்ட்

என் சுவருக்கு மூளை இருக்கிறது என்று கல்லூரியில் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். முதல் வருடம் சிரித்தார்கள். மூன்றாம் வருடம் பரிசு கொடுத்தார்கள். கடைசி வருடம் புதுமனை வாரியம் அந்தச் சுவரை வைத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கட்டியே விட்டது. படிப்பு முடிப்பதற்குள் சொந்தமாக ஒரு கட்டடம் எழுந்துவிட்ட மாணவி எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியில் அதுவரை யாரும் இல்லை. இதை நான் அடக்கத்தோடு சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

யோசனை எளியது. அரசு கட்டும் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அளவு. ஒரு வீட்டில் ஆறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள், பக்கத்து வீட்டில் இரண்டு பேர் எதிரொலி கேட்டுக்கொண்டு இருப்பார்கள். நடுவில் இருக்கிற சுவர் இரண்டையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். அது ஏன் சும்மா நிற்க வேண்டும்? தண்டவாளத்தில் வைத்து நகர்த்தினால் என்ன? எந்தக் குடும்பத்துக்கு இடம் தேவையோ அந்தப் பக்கம் விட்டுக் கொடுக்கட்டுமே.

தேவையை யார் சொல்வது என்று கேட்டார்கள். தரை சொல்லும் என்றேன். என் அப்பா பெரம்பூரில் லிஃப்ட் மெக்கானிக். ஆள் ஏறியதும் எடையைத் தெரிந்துகொள்கிற பெட்டியைப் பார்த்து வளர்ந்தவள் நான். லிஃப்டுக்குத் தெரிகிற விஷயம் வீட்டுக்குத் தெரியக் கூடாதா? வீட்டின் தரைக்கல் ஒவ்வொன்றுக்கும் கீழே எடை உணரும் தகடு பதித்தேன். ஆனால் எடையை மட்டும் பார்த்தால் பீரோவும் ஆளும் ஒன்றாகிவிடும். ஆகவே ஒரு விதி எழுதினேன்: அசையாத எடை சாமான், அசையும் எடை ஆள். அந்த ஒரு வரியை எழுதிய நாளில் எனக்கு நானே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

வீட்டில் நடமாட்டம் கூடினால் அந்த வீட்டுக்கு இடம் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மணியடிக்கும். சுவர் ஒரு சாண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும், அவ்வளவுதான். தரையை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் சேர்க்கச் சொன்னேன். வேண்டுமென்றே பொய்யான நடமாட்டம் காட்டினால் ஒதுக்கீடு ரத்து. அந்த ஷரத்தின் வாசகமும் என்னுடையதுதான்.

பன்னிரண்டு வீடுகள் திருப்பூரில், பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்டன. நான் படித்தது கோவையில். தகவல் எல்லாம் கணினிக்கே வந்துவிடும் என்பதால், குடிவைத்த அன்று ரிப்பன் வெட்டப் போனதோடு சரி, எட்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கணினி வரைந்து காட்டிய ஏற்ற இறக்கக் கோடுகளை வைத்தே ஆய்வறிக்கையை எழுதி முடித்தேன்.

அறிக்கையின் ராஜா ஏழாம் வீடு. அங்கே இரண்டே பேர். பூவாத்தாள் என்ற அம்மாளும், பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அவருடைய கணவர் சென்னியப்பனும். எட்டாம் வீட்டோடு அவர்களுக்கு ஒரு சுவர் பொது. எட்டில் தங்கமணி என்ற பெண்ணின் குடும்பம், ஆறு பேர். முதல் இரண்டு மாதம் சுவர் ஏழாம் வீட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டே போனது. மூன்றாம் மாதத்திலிருந்து தானாகத் திரும்பி, பழைய இடத்துக்கே வந்து, அதையும் தாண்டி எட்டாம் வீட்டுப் பக்கம் ஒரு முழம் போய் நின்றுவிட்டது. ஆறு பேர் வீட்டை விட இரண்டு பேர் வீடு பெரியது! நான் அதற்கு எழுதிய விளக்கம் இது: ‘நோயாளி இருக்கும் வீட்டுக்கு இடம் கூடுதலாக வேண்டும் என்பதைச் சுவர் தானே கற்றுக்கொண்டது.’

அந்த வரியைப் படித்துவிட்டு வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஞானப்பிரகாசம் கல்லூரிக்கே போன் செய்தாராம். அடுத்த வெள்ளிக்கிழமை இறுதித் தேர்வுக்கு அவரே நேரில் வருவதாகவும், நன்றாக இருந்தால் நாலாயிரம் வீடுகளில் இந்தச் சுவரையே வைக்கப் போவதாகவும் சொன்னார். வழிகாட்டிப் பேராசிரியை அமுதவல்லி மேடம் என்னைக் கூப்பிட்டு, “ஏழாம் வீட்டை ஒரு சின்ன வீடியோ எடுத்துட்டு வந்துடு ஜோஸ்பின். கேக்குக்கு மேல செர்ரி மாதிரி இருக்கும்” என்றார்.

புதன்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்குச் செர்ரி எடுக்கப் போனேன்.

ஏழாம் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே கட்டிலில் சென்னியப்பன் சாய்ந்து படுத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வலது கையும் வாயும் மட்டும் வேலை செய்தன. வாய் நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் வீட்டுப் பெண் ஒருத்தி கையில் பனியன் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, நூல் பிசிர்களை வெட்டியபடியே அறையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். தைப்பதை முழுக்க எந்திரம் எடுத்துக்கொண்ட பிறகும் பிசிர் வெட்டுவதற்கு மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது. அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கைக்கணினியில் குறித்துக்கொண்டேன்: ‘இடம் கிடைத்ததால் அக்கம்பக்கத்து உறவு வளர்ந்திருக்கிறது.’

“ஆருங்க அது? வாங்க கண்ணு, உள்ள வாங்க. நாந்தான் எந்திரிச்சு வரோணும், முடியாது பாருங்க” என்றார் சென்னியப்பன்.

நான் யார் என்று சொன்னேன். நடந்துகொண்டிருந்த பெண் சட்டென்று நின்றுவிட்டாள். கத்தரிக்கோலைப் பனியன் கட்டுக்குள் செருகிக்கொண்டு, “நான் சும்மா சீனி வாங்க வந்தனுங்க” என்று சொல்லிவிட்டு, சீனி வாங்காமலே போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் வேறொரு பெண் வாசலில் வந்து நின்றாள். அவள் கையிலும் பனியன் கட்டு. என்னைப் பார்த்ததும், “ஏனுங்கண்ணா, சீனி இருக்குதுங்களா?” என்றாள்.

சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். “இன்னைக்கு இந்த ஊட்டுல சீனிக்கு என்ன கிராக்கி போ.”

அப்போதுதான் கட்டிலுக்கு மேலே தொங்கிய மாதக் காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பால்பாயிண்ட் பேனாவால் மூன்று மூன்று பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்து. சனிக்கிழமைக் கட்டங்களில் மட்டும் நான்காவதாக ஒரு பெயர், பக்கத்தில் ஓ.டி. என்று போட்டிருந்தது.

“இது என்னங்க அண்ணா?”

அவர் கூரையைப் பார்த்தார். வாசலில் நின்றவள் பனியன் கட்டோடு ஓரடி பின்வாங்கினாள். கம்பெனியிலிருந்து வேலை முடிந்து பூவாத்தாள் அதே நேரத்தில் வந்து சேர்ந்தார். என்னையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுக் கூடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“தங்கமணி! செத்த இங்க வா. அந்தச் சொவுத்துக்காரப் புள்ள வந்திருக்குது.”

எட்டாம் வீட்டுத் தங்கமணி வந்தாள். நாற்பது வயதுக்காரி, தையல் லைனில் சூப்பர்வைசர். எதையும் நேராகப் பேசுகிறவள். நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

“ஆமாங்க, நடக்கறோம். பன்னெண்டு ஊட்டுப் பொம்பளைகளும் முறை வெச்சு நடக்கறோம். கம்பெனில ஷிப்ட் போடறமல்ல, அதே கணக்குத்தான். சனிக்கெழமை எச்சா ஒரு ஆளு. ஞாயித்துக்கெழமை சொவுரு நகரறதுக்கு முன்னால ஒரு தள்ளு தள்ளி உட்டரலாமுன்னு.”

“ஏன்?”

“ஏனா?” பூவாத்தாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான் காத்தால எட்டு மணிக்குப் போனா நாலு மணிக்கு வருவனுங்க கண்ணு. அதுவரைக்கும் இவுரு தனியாப் படுத்திருப்பாரு. அசைய முடியாது. உங்க தரை இவுரை ஆளுன்னே எடுத்துக்கலை. கட்டிலோட சேத்துக் கட்டிலுன்னு நெனச்சுக்கிச்சு.”

“நான் இந்த ஊட்டுக்குச் சாமானாட்டம்” என்றார் சென்னியப்பன். “பீரோ, கட்டிலு, சென்னியப்பன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் என்ன நடந்தது என்று பூவாத்தாள் சொன்னார். வாரம் ஒரு சாண். கட்டிலைத் திருப்ப முடியாமல் போனது. பிறகு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவர் பக்கவாட்டில் நின்றால்தான் நுழைய முடியும் என்று ஆனது. கணவரைக் குளிப்பாட்ட நான்கு பேர் சேர்ந்து கட்டிலோடு வெளியே தூக்கி வர வேண்டியிருந்தது, பன்னிரண்டு வீடும் பார்க்க. வாரியத்துக்கு மூன்று முறை புகார் கொடுத்தாராம். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. அதை அவர் மனப்பாடமாகவே சொன்னார்: “சுவருக்குச் சற்று நேரம் கொடுங்கள், அது உங்களைப் புரிந்துகொள்ளும்.”

அந்த வாக்கியம் நான் எழுதிய பயனர் கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்த வாக்கியம் அது. அன்றைக்கு அந்த வீட்டில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோது வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“ஆனா, அந்த இடமெல்லாம் உங்க வீட்டுக்குத்தானே வந்துச்சு? உங்களுக்கு ஆறு பேர் ஆச்சே” என்று தங்கமணியைக் கேட்டேன்.

“வந்துச்சுங்க. மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அப்பறம் ஒரு நாளு அண்ணனைக் கட்டிலோட தூக்கறதுக்கு நானும் ஒரு காலைப் புடிச்சேன். அவுரு கண்ணை மூடிக்கிட்டாரு. அன்னைக்குத்தான் ஷிப்ட் போட்டோம்.” அவள் குரல் இறங்கியது. “எங்கூட்டுக் கொழந்தைகளைப் பொழுதோட வெளிய வெளையாடச் சொல்லி முடுக்கி உட்டுருவேன். உள்ள ஓடினா எங்க பக்கம் இடம் கூடிப்போகுமல்ல. இப்ப நீங்க இதைப் போயி எழுதிக் கொடுத்தா எங்க எல்லா ஊட்டையும் புடுங்கிக்குவாங்க. ஒப்பந்தத்துல போட்டிருக்குது. எந்தப் புண்ணியவான் எழுதினானோ தெரியலை.”

புண்ணியவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

சுவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இந்தப் பெண்கள்தான் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, மறுபடி நடந்து நடந்து, அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதற்கு என் பெயரைப் போட்டு அறிக்கை எழுதியிருக்கிறேன். நல்ல வடிவமைப்பு என்றால் மனிதர்களுக்குச் சிரமம் குறைய வேண்டும் என்று முதல் வருடம் முதல் வகுப்பில் எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு குடும்பத்துக்கு நான் புதிதாக ஒரு ஷிப்ட் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன்.

சீனி கேட்டு வந்தவள் இன்னும் வாசலிலேயே நின்றாள். நான் வந்ததால் அன்றைய பி ஷிப்ட் அப்படியே நின்று போயிருந்தது. “நேரமாகலீங்களா உங்களுக்கு?” என்று அவளைக் கேட்டேன். “இனி ஆரம்பிச்சா கம்பெனி பஸ்ஸு போயிருமுங்க” என்றாள்.

“நீங்க போங்க. நான் நடக்கறேன்.”

இரண்டு மணி நேரம் நடந்தேன். ஏழாம் வீட்டின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலம் அங்குலமாக வரைந்தவள் நான். முதல் தடவையாக அதைக் காலால் அளந்தேன். சென்னியப்பன் சாயப்பட்டறைக் கதைகளாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கிளம்பும்போது பூவாத்தாள் காலண்டரில் அன்றைய தேதியில் என் பெயரையும் எழுதினார். ‘ஜோசுபீன். பி.’

மறுநாள் காலை அமுதவல்லி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் நல்லவர். என் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். அதனால்தான் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“அறிக்கை போயாச்சு. இப்ப மாத்த முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை பேசாம தேர்வை முடி, டிகிரியை வாங்கு. அதுக்கப்புறம் தரையைத் திருத்து. மூச்சு விடறதைக் கண்டுபிடிக்கற தகடு ஏதாவது போட்டுக்கலாம். முதல் பதிப்புல தப்பு இருக்கறது சகஜம்மா.”

“மூச்சைக் கண்டுபிடிச்சா அடுத்தது வேற யாரையாவது விட்டுடும் மேடம். நைட் ஷிப்ட் போயிட்டுப் பகல்ல தூங்கறவன், பரீட்சைக்கு ஒரே இடத்துல உக்காந்து படிக்கற பொண்ணு. ஆளை நான் தரையை வச்சுத் தேடறதுதான் தப்பு.”

“வாரியமே தேடி வர்ற நேரத்துல இதெல்லாம் தேவையா?”

“நாலாயிரம் வீடு மேடம். ரெண்டு வீட்டுக்கு ஒரு சுவருன்னா ரெண்டாயிரம் சுவரு. ஒவ்வொரு சுவருக்குப் பக்கத்துலயும் ஒரு தங்கமணி இருப்பாங்களா?”

மேடம் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “ஒர்க்‌ஷாப் சாவி வேணுமா?” என்றார்.

ஒரு வாரம் கையில் இருந்தது. தேர்வுக் கூடத்தில் காட்டுவதற்காக இடுப்பளவு உயரத்தில் ஒரு மாதிரிச் சுவரை ஏற்கெனவே தண்டவாளத்தில் பொருத்தி வைத்திருந்தேன். அதன் தரைக்கும் என் பழைய விதிதான். சுவரில் மட்டும் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். சுவரின் இரண்டு பக்கமும் ஒரு கைப்பிடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஞானப்பிரகாசம் கைத்தடியோடு வந்தார். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். எனக்கு ஒரு நிமிடம் தயக்கமாக இருந்தது. நான் செய்ய நினைத்திருந்த காரியத்துக்கு அவரைப் போன்ற ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு யோசித்தேன்: அவரைப் போன்ற ஒருவர் வீட்டில் இருப்பார் என்றும்தான் நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

சுவருக்கு ஒரு பக்கம் அவரும் மேடமும் வெளியிலிருந்து வந்த இன்னொரு தேர்வாளரும் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். மறுபக்கம் நான். காபி வந்தது.

“சார், இந்த டெமோவுல ஒரு வாரம்ங்கறது பத்து நிமிஷம். நான் பேசிக்கிட்டே நடப்பேன். நீங்க வசதியா உக்காந்து கேட்டாப் போதும்” என்றேன்.

நடந்தபடியே பேசினேன். பத்தாவது நிமிடம் மணியடித்தது. சுவர் ஒரு சாண் அவர்கள் பக்கம் நகர்ந்தது. ஞானப்பிரகாசம் கைதட்டினார். “அற்புதம்! சத்தமே இல்லையே!”

இருபதாவது நிமிடம் மறுபடி ஒரு சாண். மேசை லேசாக நகர்ந்து காபி தளும்பியது. எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

முப்பதாவது நிமிடம் சுவர் மேசையைத் தள்ளிக்கொண்டு போய் அவர் வயிற்றை ஒட்டி நிறுத்தியது. நாற்காலிக்குப் பின்னால் கூடத்துச் சுவர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“போதும்மா, நிறுத்து” என்றார் ஞானப்பிரகாசம்.

“எழுந்து கொஞ்சம் நடங்க சார், தானாவே திரும்பிப் போயிடும்.”

“என் முட்டியைப் பத்திச் சொன்னேனே. நான் எப்படி நடக்கறது?”

“அது சுவருக்குத் தெரியாது சார். அரைமணி நேரமா நீங்க அசையலை. இந்தத் தரை உங்களை நாற்காலியோட சேத்து நாற்காலின்னு நினைச்சுக்கிட்டு இருக்கு.”

என் குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நடுங்கவில்லை. சரியான விஷயத்தைச் சொல்லும்போது குரலுக்கு அந்தத் தெம்பு தானாக வந்துவிடும்போல.

அவர் முட்டாள் இல்லை. மேசையிலிருந்த என் அறிக்கையை இழுத்து, பக்கங்களைப் புரட்டி, ஏழாம் வீட்டின் கோட்டில் விரலை வைத்தார்.

“இந்த வீட்டுலயும் படுக்கையில ஒருத்தர் இருக்காரே. நீ சொல்றபடி பாத்தா சுவர் இவங்களை நசுக்கியிருக்கணும். அப்ப இந்தக் கோடு எப்படி ஏறுச்சு?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் இதற்குத்தான் பயந்தேன். பன்னிரண்டு வீட்டின் கதியும் என் வாயில் இருந்தது.

“நான் நடந்தேன் சார்.”

“நீயா?”

“ஏழாம் வீட்டுல நான்தான் நடந்தேன்.”

அவர் கோட்டின் அடியிலிருந்த மாதங்களைப் படித்தார். “நவம்பர்லருந்து ஏறியிருக்கு. நவம்பர்ல நீ இங்க செமஸ்டர் எழுதிக்கிட்டு இருந்திருப்பே.”

நான் கோட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஆராய்ச்சித் தகவலை மாணவியே கெடுத்துட்டான்னு நான் எழுதினா என்னாகும் தெரியுமா?”

“ஒரு வருஷம் போயிடும் சார். புதுசா ஆய்வு எழுதணும்.”

“தெரிஞ்சுதான் சொல்றியா?”

“தரையை ஏமாத்தக் கூடாதுங்கற ஷரத்தை எழுதினவளே நான்தான் சார். அதை மீறினதும் நானாவே இருந்துட்டுப் போறேன்.”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞானப்பிரகாசம் பேனாவை எடுத்து அறிக்கையின் ஓரத்தில் ஏதோ எழுதினார். மூடி வைத்தார்.

“சரி. இப்ப நான் இங்கருந்து எப்படி வெளிய வர்றது?”

“உங்க பக்கம் ஒரு கைப்பிடி இருக்கு சார். மேசைக்கு அடியில கையை நீட்டுங்க, உக்காந்தபடியே எட்டும். என் பக்கம் இன்னொண்ணு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே திசையில அழுத்தினா மோட்டார் சுவரை நகர்த்தும். யாராவது ஒருத்தர் கையை எடுத்தா நின்னுடும். பலம் மோட்டாரோடது. முடிவு நம்மளோடது.”

அவர் கைத்தடியை மேடத்திடம் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். நான் என் பக்கம் பிடித்தேன். சுவர் மெதுவாக என்னை நோக்கி வந்தது. அவருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

“ரெண்டு வீட்டுக்காரங்களுக்கும் சண்டை வந்தா?” என்று கேட்டார் வெளித் தேர்வாளர்.

“வரும் சார். ஆனா சண்டை போடறதுக்கு எதிர்ல ஒரு ஆள் இருக்கும். இத்தனை நாள் அவங்களால சுவர்கிட்டச் சண்டை போட முடியலை.”

ஞானப்பிரகாசம் கைப்பிடியை விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை ஏன் இவ்வளவு கீழ வச்சிருக்கே? நின்னா குனியணுமே?”

“கட்டில் உயரம் சார்.”

ஒரு வருடம் போனது உண்மை. என் வகுப்பில் எல்லோரும் பட்டமளிப்பு உடையில் போட்டோ எடுத்துக்கொண்டபோது அதை எடுத்துக் கொடுத்தவள் நான். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்து நன்றாக அழுதேன். “நின்னுபோனாலும் சர்வீஸுக்குத் திரும்பி வராத லிஃப்ட் கிடையாதும்மா” என்றார். அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான்.

ஆனால் நாலாயிரம் வீட்டு வரைபடத்தில் வாரியம் கைப்பிடியைச் சேர்த்துவிட்டது. முன்னோட்டமாக, முதலில் திருப்பூரின் பன்னிரண்டு வீடுகளிலும் பொருத்தச் சொன்னார்கள். அந்த ஷரத்து போயே போய்விட்டது. ஏழாம் வீட்டில் கைப்பிடி பொருத்திய ஞாயிற்றுக்கிழமை நானே அங்கே நின்றேன்.

மணி பத்தாகியும் மணியடிக்கவில்லை. காலண்டரில் அந்த மாதத்துக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பூவாத்தாள் பழக்கதோஷத்தில் வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணு, அந்தப் புடியை நான் புடிச்சா சொவுரு நகருமா?” என்றார் சென்னியப்பன்.

“நீங்களும் பிடிக்கணும், அந்தப் பக்கம் தங்கமணி அக்காவும் பிடிக்கணும்.”

அவர் வலது கையை நீட்டினார். சரியாக எட்டியது. “தங்கமணி! அந்தப் பக்கத்துப் புடியைப் புடி!”

“எதுக்குங்கண்ணா?” சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“உம் புள்ள பெரசவத்துக்கு வந்திருக்குதல்ல. ரெண்டு சாணு உங்க பக்கம் போகட்டும்.”

பூவாத்தாள் பதறினார். “ஏனுங்க, கட்டிலைத் திருப்ப எடம் வேண்டாமா?”

“மூணு மாசம் சொவுத்தோரமா படுத்துக்கறேன். கொழந்தை பொறக்கட்டும். அப்பறம் அவ திருப்பித் தள்ளட்டும்.”

சுவர் நகரவில்லை. தங்கமணி பிடியைத் தொடவில்லை. “உங்க எடம் ஒண்ணும் எங்களுக்கு வேண்டாமுங்க” என்றாள். இவர், “புடிக்கிறியா இல்லையா” என்றார். அவள், “மாட்டனுங்க” என்றாள். சுவரைத் தாண்டிப் பத்து நிமிடம் பேரம் நடந்தது. நடுவில் பூவாத்தாளும் கலந்துகொண்டார், தங்கமணியின் மகளும் கலந்துகொண்டாள். கடைசியில் ஒரு சாண் என்று முடிவானது. அந்தப் பக்கம் தங்கமணியின் கை பிடியில் விழுந்த சத்தம் கேட்டது. மோட்டார் முனகியது. சென்னியப்பன் படுத்த வாக்கிலேயே சுவரைத் தள்ளினார், அது போனது.

என் கைக்கணினியில் ஒரு செய்தி வந்தது. பழைய தரை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது, அதை நிறுத்த மறந்திருந்தேன். கதவருகே கால் மாற்றி மாற்றி நின்ற என்னையும் அங்கே இங்கே போய் வந்த பூவாத்தாளையும் அது சரியாகக் குறித்திருந்தது. கட்டில் இருந்த இடத்தில் வழக்கம்போல ‘சாமான்’ என்றது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்த் தரையின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.